கைப்பிடி இல்லாத பதினோரு கதவுகள்

கைப்பிடி வேண்டும் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சமையலறை அலமாரிக் கதவுக்குக் கைப்பிடி வைப்பதா வேண்டாமா என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வாரம் சண்டை போடுவார்களா என்று கேட்பீர்கள். போட்டோம். சோறு போடும்போது போட்டோம், துணி காயவைக்கும்போது போட்டோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது போட்டோம். இப்போது நினைத்தால் என் நாக்கை நானே அறுத்துப்போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு மானப் பிரச்சினை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரே அறை. அடுப்பு, படுக்கை, சாமி படம், ஆறு வயது மகளின் பள்ளிப் பை எல்லாம் அதற்குள்தான். அவர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை மெஷினுக்குள் வைத்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வடிவமாக வெட்டிவிடும். அந்த மெஷினுக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நின்று, புதுவாயலில் ஒரு மனை வாங்கி, ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை என்று வீடு எழுப்பினார். நெல் வயலை மனையாக்கிக் கல் நட்ட இடம். எங்களையும் சேர்த்து நான்கே வீடுகள். மற்றபடி முள்ளும் எலியும்தான்.

சுவர் எழும்பியதும், கூரை போட்டதும், தரைக்குக் கல் பதித்ததும் எல்லாம் அமைதியாகத்தான் நடந்தது. வம்பு வந்தது கடைசியில், சமையலறைக்குக் கதவு போடும்போது. அவருடைய மேனேஜர் சென்னையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். இவரும் போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து பித்துப் பிடித்த மாதிரி அந்த வீட்டுச் சமையலறையைப் பற்றியே பேச்சு.

"கதவே தெரியலமே. செவுரு மாதிரி கீது. அடியில வெரல் நுனிய உட்டு இழுத்தா டக்குன்னு தொறக்குது. உள்ள அத்தினி ஜாமானு! வெளிய ஒரு துரும்பு தெரியல. கைப்பிடி கெடயாது, பூட்டு கெடயாது, ஒண்ணுமே கெடயாது."

"ஒண்ணுமே கெடயாதுன்னா அது இன்னா கதவு?" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? ஆபீஸ் பீரோ மாதிரி பொடைச்சுக்கினு ஒரு கைப்பிடி இருந்தாத்தான் உனக்குக் கதவு."

எனக்கு வேண்டியிருந்தது மர நிறக் கதவு, நடுவில் ஒரு பூ வேலைப்பாடு, பளபளவென்று வளைந்த ஸ்டீல் கைப்பிடி. கவரைப்பேட்டையில் என் அக்கா வீட்டில் அப்படித்தான் இருந்தது. அக்கா வீட்டுக்குக் குறைவாக என் வீடு இருக்கக் கூடாது என்பது உண்மைக் காரணம். வெளியே சொன்ன காரணம் வேறு. "மீன் கழுவுன கையோட எங்க வெரல உட்றது? அந்தப் பள்ளத்துல எண்ணெயும் மாவும் ஏறுனா யாரு சொரண்டறது? நீயா வந்து சொரண்டப் போற?" கோபம் வந்தால் எனக்கு 'ங்க' எல்லாம் பறந்துவிடும். என் வாய் அப்படி. வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது என்று என் அம்மாவே சொல்வாள்.

அவர் கடையிலிருந்து ஒரு சாம்பிள் கொத்து வாங்கி வந்தார். இரண்டு விரல் அகலத்தில் சின்னச் சின்னப் பலகைத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறத்தில் சன்மைக்கா ஒட்டி, சாவிக்கொத்து மாதிரி வளையத்தில் கோத்திருந்தது. ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு இருக்கிறதே! வெயிலில் காட்டிப் பார்ப்பார். டியூப் லைட்டில் காட்டிப் பார்ப்பார். மகளை நிற்கவைத்து, "எது நல்லா கீது, சொல்லு?" என்பார். கடைசியில் நாவல்பழ நிறத் துண்டு ஒன்றை மட்டும் வளையத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்பெனிக்கும் அது போயிற்று, வந்தது. நிறத்தில் நான் விட்டுக்கொடுத்தேன். பூ வேலைப்பாட்டையும் விட்டுக்கொடுத்தேன். கைப்பிடியை விடவில்லை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் பஸ் ஏறிப் போய் ஒரு டஜன் ஸ்டீல் கைப்பிடி வாங்கி, அட்டைப் பெட்டியோடு புது வீட்டுப் பரணில் ஒளித்து வைத்தேன். பதினோரு கதவு. ஒன்று உபரியாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு.

கார்பெண்டர் பொன்னேரிக்காரர், சாது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். "அண்ணன் வந்து ஒண்ணு சொல்றாரு. அவரு போனதும் அக்கா ஒண்ணு சொல்றீங்க. நான் யாரு பேச்ச கேக்கறது? ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னு ஒரே பேச்சா சொல்லுங்க. நாளைக்கு மாட்டி முடிச்சுட்டு நான் ஊத்துக்கோட்டை வேலைக்குப் போவணும்" என்றார்.

மறுநாள் காலை. அவருக்கு முதல் ஷிப்ட். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. நான் கரண்டியோடு நின்று சொன்னேன். எந்த இடத்தில் நின்று சொன்னேன், கரண்டி எந்தக் கையில் இருந்தது என்பதெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது.

"பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். நீ அங்க வந்து நின்னா கார்பெண்டரு உன் இஷ்டப்படி செய்யட்டும். வரல, பதினோரு கதவுலயும் ஓட்ட போட்டு கைப்பிடி மாட்டிடுவேன். அப்புறம் குய்யோ முறையோன்னு கத்தக் கூடாது."

"ஷிப்ட்டு முடிய ரெண்டு மணி ஆவும்மே. எப்டி பன்னெண்டுக்கு வர்றது?"

"அது உன் பாடு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு, "பீஸ் கணக்க முடிச்சா சூப்பர்வைசரு உட்டுடுவாரு. வரேன். அதுக்குள்ள ஓட்ட கீட்ட போட்டுக்கினு நிக்காத. நடக்கறதே வேற" என்றார். நாஷ்டா தின்னாமலே சைக்கிளை எடுத்தார். கல்லில் ஊற்றியிருந்த தோசையை நான் தின்றேன். அப்போது எனக்கு நன்றாகப் பசித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் ஒரு பச்சைப் பட்டன் உண்டு. இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் தகட்டை வை, கையை எடு, பட்டனுக்குப் போ, அழுத்து, திரும்பி வா என்றால் வேலை ஓடாது. அதனால் அவசரம் என்றால் ஒரு பட்டனை அழுத்திவைத்து இடுக்கில் ஏதாவது சொருகிவிடுவார்கள். தீப்பெட்டி அட்டை, துணி, மரச்சிம்பு, கையில் கிடைத்தது. இன்னொரு பட்டனை இடுப்பால் இடிப்பார்கள். கை இரண்டும் தகட்டோடே இருக்கும். மேஸ்திரிக்குத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் அவரே எழுந்து நின்று இடுப்பை ஆட்டி நடித்துக் காட்டியிருக்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

புது வீட்டில் கார்பெண்டர் பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினார். அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டும் அலமாரி ஐந்து கதவு, மேடைக்குக் கீழே ஆறு. பதினொரு மணிக்கு அவர் செல்போன் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணன்தான்க்கா. வந்துருவாராம். அவரு வர்ற வரைக்கும் ட்ரில்ல தொட வேணாம்னு சொல்றாரு."

"பன்னெண்டு வரைக்கும்தான் டைம்" என்றேன்.

ஹாலில் கடிகாரம் இன்னும் மாட்டவில்லை. கார்பெண்டர் கையிலிருந்த வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஆனது. ஐந்து நிமிஷம் போனது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். தோற்கடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். பரணிலிருந்து பெட்டியை எடுத்து மேடைமேல் டம்மென்று வைத்தேன்.

"போடுங்க" என்றேன்.

"அக்கா, இன்னும் ஒரு பத்து நிமிசம்..."

"போடுங்கன்றேன். பேஜாரு பண்ணாதீங்க."

மேல் வரிசையில் மாட்டியிருந்த முதல் கதவில் அவர் அளவெடுத்து இரண்டு ஓட்டை போட்டார். தூள் மேடைமேல் விழுந்தது. கைப்பிடியை வைத்துத் திருகப் போனவரின் போன் மறுபடி அடித்தது. என் வீட்டுக்காரர் நம்பர்தான். எடுத்தவர் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பெட்டியை மூடினேன். பேசியது கம்பெனியில் அவருக்குப் பக்கத்து மெஷின்காரர். எனக்குத் தனியாகப் போனே கிடையாது. என் வீட்டுக்காரர் போனில் கடைசியாக யார் நம்பர் இருந்ததோ அதற்கு அடித்திருக்கிறார்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கையும் இரண்டு வெள்ளைப் பொட்டலமாக மார்புமேல் கிடந்தன. வலது கையில் நான்கு விரலும் அடியோடு இல்லை, கட்டைவிரல் பாதி. இடது கையில் நான்கு விரலும் பாதிக்கு மேல் இல்லை, கட்டைவிரல் தப்பித்தது. டாக்டர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். மயக்கம் தெளிந்து அவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை, விரலைப் பற்றியும் இல்லை.

"கதவு மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு" என்றேன். "நீங்க சொன்ன மாதிரியே மாட்டியாச்சு. கைப்பிடி வைக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே ஓடிப்போய்ப் பூத்திலிருந்து கார்பெண்டருக்குப் போன் போட்டேன். எல்லாக் கதவையும் அண்ணன் சொன்ன மாதிரியே முடித்துவிடுங்கள், அந்த இரண்டு ஓட்டையை எப்படியாவது மூடிவிடுங்கள், கைப்பிடிப் பெட்டியைக் கண்ணில் படாமல் பரணில் போட்டுவிடுங்கள் என்று அழுதேன். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் பாவத்தில் கொஞ்சமாவது கரையும் என்று நினைத்தேன். அவர் ஆசைப்பட்ட மாதிரியே கதவு இருக்கட்டும், அதையாவது கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

நான்காம் நாள் அந்தப் பக்கத்து மெஷின்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் வீட்டுக்காரரின் சைக்கிளில் மாட்டியிருந்த டிபன் பாக்ஸைக் கொடுத்தார். நான் சோறு கட்டிக் கொடுக்காத நாள், அதனால் அது காலி. பிறகு என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் வைத்தார்.

"பட்டன்ல இத்தத்தான் சொருகிக்கினு இருந்தாரு அண்ணி. போலீசு, ஆபீசு யாரும் வர்றதுக்கு முன்னாடி நான் புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கினேன். ஆபரேட்டர் தப்புன்னு எழுதிடுவானுங்கன்னு."

நாவல்பழ நிறத் துண்டு. ஒரு ஓரம் நசுங்கி, சன்மைக்கா விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு அவசரத்தில் சட்டைப் பையில் கையை விட்டவருக்குக் கிடைத்தது அதுதான். என்னத்தை மறைத்து என்ன, கம்பெனியில் ஆபரேட்டர் கவனக்குறைவு என்றுதான் எழுதினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது தான் கெட்டது. என் வாய்க்குக் கெட்டவர் கட்டிலில் கிடந்தார்.

இரண்டு மாதம் கழித்து, யாரையும் கூப்பிடாமல் பால் காய்ச்சிப் புது வீட்டுக்குப் போனோம். அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். பதினோரு கதவும் சுவர் மாதிரி வழுவழுவென்று நின்றன. எங்கேயும் எதுவும் புடைக்கவில்லை. கதவின் விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்து வெட்டி, விரல் நுனி மட்டும் போகிற அளவுக்கு இடுக்கு விட்டிருந்தார் கார்பெண்டர். மேல் அலமாரிக்கு இடுக்கு கீழ் விளிம்பில் இருந்தது. கட்டைவிரல் நுழையாது. மெல்லிசாக இருக்கட்டும், அசிங்கமாகப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தது இவர்தான். உள்ளே கதவைக் கவ்விப் பிடிக்கக் காந்தம் வைக்கச் சொன்னதும் இவர்தான்.

இடது கையைத் தூக்கி முதல் கதவின் அடியில் வைத்தார். மொட்டை விரல்கள் விளிம்பில் வழுக்கின. மறுபடி வைத்தார். கதவு அசையவில்லை. அந்தக் கதவில் இரண்டு இடத்தில் மட்டும் பொட்டு மாதிரி நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஓட்டையை அடைத்த இடம். அவர் பார்வை அதன்மேல் நின்றதை நான் பார்த்தேன்.

"நல்லா பண்ணிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

ஓட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. பரணில் பெட்டி இருந்தது. அந்த வளைந்த கைப்பிடியை மாட்டினால் மணிக்கட்டை உள்ளே விட்டு இழுத்து அவரால் எந்தக் கதவையும் திறக்க முடியும். அது எனக்குத் தெரியாதா? தினமும் தெரிந்தது. ஆனால் அந்தப் பெட்டியை இறக்கினால் அந்தக் காலையையும் சேர்த்து இறக்க வேண்டும். பன்னிரண்டு மணி என்று சொன்னதை, சண்டையில் ஜெயித்தவள் மாதிரி நான் மேடைமேல் பெட்டியை வைத்ததை, எல்லாவற்றையும். எனக்குத் தைரியம் இல்லை. ஊரையே வாயால் அடக்குகிறவளுக்கு வீட்டுக்குள் ஒரு வார்த்தை வரவில்லை.

அதனால் கள்ளத்தனமாக வேறொன்று செய்தேன். ஒவ்வொரு கதவிலும் துணியை மடித்து இடுக்கில் வைத்து, பாதி திறந்தாற்போல விட்டுவைத்தேன். அவருக்கு வேண்டியதைத் தோளால் தள்ளி எடுத்துக்கொள்ளலாம். நான் கொல்லைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் கீழ்க் கதவுகளை முட்டியாலும் மேல் கதவுகளை முழங்கையாலும் மூடிவிடுவார். துணி தரையில் கிடக்கும். உள்ளிருந்து 'டக், டக்' என்று காந்தம் கவ்வும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் மறுபடி துணி வைப்பேன். அவர் மறுபடி மூடுவார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளையின் படிப்பு, மழை, பக்கத்து மனையில் பாம்பு என்று பேசுவோம். அந்தப் பக்கத்து மெஷின்காரர் சைக்கிள் கைப்பிடி ரப்பரை ஒரு ஸ்பூனில் மாட்டி, பட்டை வைத்துக் கொடுத்திருந்தார். அதை உள்ளங்கையில் கட்டிக்கொண்டு அவரே சாப்பிடுவார். ஊட்ட விடமாட்டார்.

வருமானத்துக்கு வழி வேண்டுமே. நான் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் சமைத்து, எலிக்குப் பயந்து எல்லாவற்றையும் மேல் அலமாரியில் வைத்து, முதல் கதவில் தடிமனாகத் துணியை மடித்து வைத்துவிட்டுப் போவேன். நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்த ஒரு கதவை மட்டும் அவர் மூடுவதில்லை. பசி அவரையும் அவ்வளவு தூரம் பணிய வைத்திருந்தது. எட்டு மணிக்கு மகள் ஸ்கூல் ஆட்டோவில் போய்விடுவாள். பிறகு நான் வரும்வரை வீட்டில் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் நான் திரும்பும்போது மணி நான்கு. ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் போய்ப் பார்த்தேன். கீழுதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

சமையலறைக்குள் போனேன். பதினோரு கதவும் மூடியிருந்தன. மேடைமேல் என் துணி நான்காக மடித்து வைத்திருந்தது. அப்படி மடிப்பது என் மகள்தான். பள்ளிக்கூடத்தில், திறந்ததை மூட வேண்டும், எடுத்ததை வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போகும்போது ஸ்டூல்மேல் ஏறி ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல பிள்ளை.

முதல் கதவின் கீழ் விளிம்பில் நாவல்பழ நிறம் சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. வெள்ளையாகப் பலகை தெரிந்தது. முதலில் எலி என்று நினைத்தேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தபோது ரத்தம் தீற்றியிருந்தது. அது பல் பட்ட தடம். மேலே நான்கைந்து, பக்கத்தில் நான்கைந்து. என் புருஷன் குனிந்து நின்று கதவை வாயால் கடித்து இழுத்திருக்கிறார். விளிம்பு உள்பக்கம் சாய்ந்திருந்ததால் பல் நிற்கவில்லை. நான் விரல் நுனியை விட்டு இழுத்தேன். 'டக்' என்று திறந்தது. சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் ஒரு பருக்கை குறையாமல் அப்படியே இருந்தன.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்தான். வேறு எதுவும் எனக்குச் சட்டென்று வராது. ஹாலுக்குப் போய்க் கத்தினேன்.

"காலையிலேர்ந்து பட்டினியா? எதிர் ஊட்ல ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா? அவங்க இன்னா வர மாட்டேன்னா சொல்லிடுவாங்க?"

"இன்னான்னு கூப்டறது? என் ஊட்டுக் கதவ தொறந்து உடுங்கன்னா?"

அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"நான்தான்" என்றேன். "பன்னெண்டு மணின்னு சொன்னது நான்தானே. நான் சொல்லலன்னா நீங்க அத்த சொருகியிருக்க மாட்டீங்க."

"தெரியும்."

"நீங்க போன்ல வேணாம்னு சொன்ன பிறகும் ஓட்ட போடச் சொன்னதும் நான்தான்."

"அதுவும் தெரியும். வந்த அன்னிக்கே பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல? திட்டியிருக்கலாமே! அடிச்சிருக்கலாமே!"

"இன்னாத்தால அடிக்கறது?" என்றார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். "கைப்பிடி பரண் மேலதான் கீதுன்னு தெரியும்மே. நீயா எறக்கி மாட்டுவ, மாட்டுவன்னு பாத்துக்கினே இருந்தேன். நான் வேணாம்னு சொன்னது. நானே எப்டி கேக்கறது? நீ துணியத்தான் வச்சுக்கினு இருந்த."

அவர் மூடிய ஒவ்வொரு 'டக்'கும் என்னைக் கூப்பிட்ட சத்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்க வேண்டும் என்று அவர் இருந்திருக்கிறார். அவர் கேட்கட்டும் என்று நான் இருந்திருக்கிறேன். நடுவில் எட்டு மாதம் போயிருக்கிறது. வாயை அடித்துக்கொண்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை. மகள் வந்து, "ஏம்மா அழுவுற?" என்று கேட்டபோது பல்வலி என்றேன். கதவை மூடியது நீதான் என்று அவளுக்கு இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார்பெண்டர் வந்தார். பல் தடத்தைப் பார்த்தார். விளிம்பைத் தேய்த்துச் சரி பண்ணிவிடவா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். முதல் கதவுக்கு ட்ரில் தேவைப்படவில்லை. அடைத்ததைக் குத்தி எடுத்ததும் அதே இரண்டு ஓட்டை, கைப்பிடி கச்சிதமாக உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து மணிக்கட்டை உள்ளே கொடுத்து இழுத்தார். 'டக்' என்றது. மூடினார். மறுபடி திறந்தார். கார்பெண்டர் திரும்பிக்கொண்டு தன் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

பத்துக் கதவு முடிந்து, ஜன்னலோரக் கடைசிக் கதவுக்கு அளவெடுக்கப் போனபோது இவர் தடுத்தார்.

"அது வேணாம். அது ஒண்ணு நான் சொன்ன மாதிரியே இருக்கட்டும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எவ்வளவு செலவானது பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த ஒரு கதவை மட்டும் பார்த்துக் கேட்காமல் போவதில்லை. பத்துக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இல்லை? அழகாக இருந்திருக்குமே, ஒரே மாதிரி? மகளும் பெரியவளான பிறகு கேட்டாள். யார் கேட்டாலும் அவர் முந்திக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வார். என்னைப் பார்க்காமல் சொல்வார்.

"கைப்பிடி பத்தல. கடையில பத்துதான் இருந்துச்சு."

நான் வாங்கியது ஒரு டஜன். மீதி இரண்டும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன, பிளாஸ்டிக் கவரில் அந்தச் சின்னத் துண்டோடு. அவரால் திறக்க முடியாத கதவு அது ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறை நான்தான் திறந்து துடைக்கிறேன்.